ஞாயிற்றுக்கிழமை மோர்

நவம்பர் 4, செவ்வாய்

அப்பா இன்று சாப்பிட்டது: காலையில் அரை இட்லி. மத்தியானம் ரசம் ஒரு தம்ளர். சாயங்காலம் ஒன்றுமில்லை.

வார்டு நர்ஸ் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். "தாத்தா என்ன சாப்புடுதாரு, எவ்வளவு சாப்புடுதாருன்னு தெனமும் எழுதி வைங்கக்கா, டாக்டர் கேப்பாரு" என்றது அந்தப் பெண். மருந்துக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் அரை இட்லியோடு கை நிற்கமாட்டேன் என்கிறது. எரிச்சலை எங்கேயாவது கொட்ட வேண்டாமா?

இன்றைய எரிச்சல் பெரிய எரிச்சல். அப்பா இரண்டு வருஷமாக இருந்த முதியோர் இல்லத்தின் மேனேஜர் போன் செய்தார். "மேடம், அப்பாவ இனிமே நாங்க வச்சுப் பாக்க முடியாது." இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவரைத் தூக்கி உட்கார வைக்க அங்கே ஆள் இல்லையாம். சரி, அதையாவது ஒத்துக்கொள்ளலாம். அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள். "அவரு கேட்டத் தாண்டி ஓடிப்போயிருதாரு மேடம். நாலஞ்சு தடவ ஆட்டோக்காரங்க கொண்டாந்து விட்டிருக்காங்க. அன்னைக்கு விழுந்ததும் பாத்ரூம்ல இல்ல, கேட்டு வாசல்லதான்."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்" என்கிறார் அந்த மனிதர். என் மனசின் மேல் எவ்வளவு அக்கறை!

எங்கே ஓடினார்? எழுபத்தொன்பது வயசு. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இங்கே திருநெல்வேலியில் எங்கள் வீட்டாரை விட்டால் அவருக்கு யாரையும் தெரியாது. மறதி நோய் வந்தவர்கள்தான் இப்படித் திடீரென்று கிளம்பி நடப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் அடுத்த வாரம். அதற்குள் வேறு இடம் பார்க்க வேண்டும். நான் ஒரே பிள்ளை, எனக்கு மாற்று ஆள் கிடையாது. வீட்டுக்குக் கூட்டி வர முடியாது. மாடி வீடு, நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள், அவரைப் பெற்ற அத்தைக்கு மூட்டுவலி. இதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நவம்பர் 5, புதன்

காலையில் ஒரு இட்லி. மத்தியானம் இரண்டு கரண்டி குழைந்த சாதம், அதில் பாதி துண்டில் விழுந்தது. ரசம் குடித்தார்.

பள்ளிக்கூட ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு மங்கள இல்லம் போய்ப் பார்த்தேன். ஊருக்கு வெளியே, வேப்பமரமெல்லாம் வைத்து, தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது. நடத்துகிறவர் வரதராசன், ரிட்டயரான பேங்க் ஆபீசர். சுத்த சைவச் சமையல். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அப்பாவுக்கு சைவம்தான் வேண்டும். அம்மா இறந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், வந்த அன்றே கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "அவ போனதோட நானும் கவிச்சிய விட்டுட்டேன்." நான் அழுதுவிட்டேன். மூன்று வேளையும் மீன் கேட்ட மனிதர், பெண்டாட்டிக்காக விட்டாரே என்று. என் வீட்டுக்காரர் வீடு பரம்பரை சைவம், முட்டைகூட வாசலைத் தாண்டாது. அப்பா அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

நானும்தான் கல்யாணத்தோடு விட்டேன். இருபத்தாறு வருஷம் ஆச்சு. அது ஒரு விஷயமே இல்லை, நினைப்புகூட வருவதில்லை. ஆஸ்பத்திரிக்கு மீன் மார்க்கெட் வழியாகப் போவது அங்கே நெரிசல் குறைவு என்பதால்தான். இன்று சீலா நன்றாக வந்திருந்தது, செவுள் ரத்தச் சிவப்பு.

வரதராசன் இரண்டு நிபந்தனை சொன்னார். வாயால் சாப்பிடுகிறவராக இருக்க வேண்டும், மூக்கில் ட்யூப் போட்டவர்களைச் சேர்ப்பதில்லை. அப்புறம், "வெளிய எறங்கி நடக்கிற பழக்கம் இருக்கா?"

"எங்கப்பாவா? கோயிலுக்குக் கூப்பிட்டாலே வரமாட்டார் சார்" என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வருகிறது எனக்கு!

அடுத்த புதன்கிழமை வரை ஒரு கட்டிலைப் பிடித்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 6, வியாழன்

கால் இட்லி. பால் வேண்டாமாம். ரசம் அரைத் தம்ளர்.

டாக்டர் வந்தபோது இவரும் இருந்தார். ஓடிப்போன விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். அவர் அப்பாவிடம் கிழமை, மாசம் கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அப்பா கண்ணைத் திறக்காமலே கழித்துக்கொண்டு போனார். "மூளை நல்லாத்தாம்மா இருக்கு. முழுங்குறதுலயும் கோளாறு இல்ல. சாப்பிட மனசு இல்ல, அவ்வளவுதான். ரத்தத்துல புரதம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. முட்டை, மீன் குடுங்க."

"அவர் சைவம் டாக்டர். விரதம் மாதிரி" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், மீன் பேச்சே பிடிக்கவில்லை போல.

இப்படியே போனால் ட்யூப்தான் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். ட்யூப் போட்டால் மங்கள இல்லம் கிடையாது. மங்கள இல்லம் இல்லையென்றால்? அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

நாலு வாய் ரசம் சாதம்.

ஒருவேளைக்கு இருக்கட்டும் என்று ட்யூப் போட்டவர்களையும் சேர்க்கிற ஒரு இடத்துக்குப் போனேன். பெயர் எழுத விருப்பமில்லை. ஒரு அறையில் எட்டுப் பேர். ஒரு அம்மாவைப் பழைய சேலையால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். "விழுந்திருவாங்கல்லா, அதான்" என்றான் அங்கே இருந்தவன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா" என்றாள். விரலைப் பிரித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் அத்தை. தினம் ரசமும் குழைந்த சாதமும் அவர்தான் தூக்குச்சட்டியில் கட்டித் தருகிறார், அதைக் குறை சொல்லமாட்டேன். "அண்ணாச்சிக்கு வாய்க்கு என்ன கேக்குன்னு கேட்டியாளா?" என்றார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டு, "ஏன், தூத்துக்குடிப் பக்கம் ஒரு எடம் பாரேன். அவுக ஊரு, அவுக சாப்பாடு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரேயடியாக ஊரை விட்டே தள்ளிவிடப் பார்க்கிறார்! அப்பா எங்கள் வீட்டில் இருந்த ஆறு வருஷமும் இந்த அம்மா செய்ததை நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா லைப்ரரிக்குப் போய்விட்டு மத்தியானம் வருவார். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்பா பசி இல்லை என்று கொஞ்சமாகத்தான் போட்டுக்கொள்வார். கடைசியில் அத்தை எல்லாருக்கும் மோர் ஊற்றுவார். அப்பாவிடம் வரும்போது மட்டும் மோர்ச் சொம்பைத் தாண்டி ரசக் கரண்டியை எடுப்பார். ஒரு ஞாயிறு இல்லை, ஒவ்வொரு ஞாயிறும். மற்ற நாள் ஊற்றுவார், ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆள் இருக்கும்போது கிடையாது. பெண்ணைக் கொடுத்த மனிதருக்கு ஒரு கரண்டி மோருக்கு வழியில்லையா? அப்பா அந்த ரசத்தையே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். இவரிடம் சொன்னால், "அம்மா மறந்திருப்பா" என்பார். ஆறு வருஷம் மறப்பாளாக்கும்!

நவம்பர் 8, சனி

காலையில் இரண்டு வாய். மத்தியானம் நான் இல்லை, நர்ஸ் கொடுத்தாளாம், துப்பிவிட்டாராம்.

நான் தூத்துக்குடி போயிருந்தேன். அத்தை சொன்னதற்காக இல்லை. பார்த்துவிட்டேன், சரிப்படாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லத்தான் போனேன். கடற்கரை ரோட்டில் சிஸ்டர்மார் நடத்துகிற இல்லம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நீளமான கூடம், பெயின்ட் உரிந்த கட்டில்கள். மங்கள இல்லம் எங்கே, இது எங்கே. ஆனால் கட்டில் விரிப்பெல்லாம் துவைத்திருந்தது. யாரையும் கட்டிப் போடவில்லை.

பொறுப்பில் இருக்கிற சிஸ்டர் பெனிட்டாவிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "ட்யூப் போட்டாலும் பாப்போம்மா. எறங்கி நடப்பாவன்னா கூட ஒரு ஆள அனுப்புவோம், எங்க போவணுமோ போய்ட்டு வரட்டும்" என்றார். சமையல்கட்டிலிருந்து சாளைக் குழம்பு வாசம் கூடம் முழுக்க. ஒரு பெரியவர் குழம்பில் புளி பற்றாது என்று சமையல்காரம்மாவோடு சண்டை. "வாரத்துல மூணு நாளு மீன் இல்லன்னா எங்கள உண்டு இல்லன்னு ஆக்கிருவாவ" என்று சிரித்தார் சிஸ்டர்.

அப்பா சைவம், இந்த வாசத்தில் அவரால் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். சிஸ்டர் வற்புறுத்தியதால் மரியாதைக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். சாதமும் பூசணிக்காய்க் கூட்டும். அவ்வளவுதான். கூட்டு நன்றாக இருந்ததால் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். அந்தப் பெரியவர் சொன்னது தப்பு, புளி சரியாகத்தான் இருந்தது. கை கழுவ எலுமிச்சம்பழத் துண்டு கொடுத்தார்கள், நல்ல பழக்கம். பஸ் ஸ்டாண்டில் ஏலக்காய் மிட்டாய் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். பஸ் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் அத்தை எனக்கும் ஆரம்பித்துவிட்டார். இவருக்கு மோர், எனக்கு ரசம். "மோர் தீந்துட்டு" என்றார். தண்ணீர் எடுக்க ஃப்ரிஜ்ஜைத் திறந்தேன், அரைச் சொம்பு மோர் இருக்கிறது. அப்பாவுக்குச் செய்ததை இப்போது எனக்கும். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஒன்றுமே சாப்பிடவில்லை. ரசத்தையும் தள்ளிவிட்டார்.

"இன்னைக்கு என்ன கெழமம்மா?" என்று கேட்டார். ஞாயிறு என்றேன். "ம்" என்றார். அரை மணி கழித்துத் திரும்பவும், "ஞாயித்துக்கெழமதான?" ஆமாம்ப்பா என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "இதும் போச்சு" என்றார்.

எது போச்சு என்று புரியவில்லை. டாக்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், எனக்கு அப்பா பேச்சு பயமாக இருக்கிறது. கை எலும்பு எலும்பாகத் தெரிகிறது. இந்தக் கையைப் பிடித்துத்தான் நான் துறைமுகத்தில் கப்பல் பார்த்தேன், அந்தக் கையா இது என்று இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

காலையில் டாக்டர் முகத்தைச் சுளித்தார். நாளை பதினொரு மணிக்கு ட்யூப். சம்மதக் கையெழுத்தை அப்போது போட்டால் போதும் என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன். "போடட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். சாப்பாட்டை இல்லை, எல்லாவற்றையும்.

வரதராசனுக்குப் போன் செய்து, ட்யூப் கொஞ்ச நாளைக்குத்தான், எடுத்துவிடுவோம் என்று கெஞ்சினேன். "சாரிம்மா, ரூல் ரூல்தான்" என்றார்.

சாயங்காலம் அடுப்படியில் நின்றுகொண்டே அழுதேன். அத்தை உள்ளே வந்தார். யார் முன்னால் அழக்கூடாது என்று இத்தனை வருஷம் வைராக்கியமாக இருந்தேனோ, அவர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை அடுப்பை அணைத்தார். "ஏளா, அண்ணாச்சிக்கு மீன் வாங்கிக் குடு" என்றார்.

இந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "அப்பா சைவம்லா அத்த?"

"சைவமாம் சைவம்! ஞாயித்துக்கெழம லைப்ரரிக்குப் போறேன்னு போயிட்டு, வாயில கிராம்ப மென்னுக்கிட்டு வருவாவளே, எனக்கு மூக்கு இல்லையா என்ன? வந்த மொத ஞாயித்துக்கெழமையே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆவும்? ரோசக்கார மனுசன், அன்னைக்கே பெட்டியத் தூக்கிட்டுப் போயிருப்பாவ. மக கூட இருக்கணும்னு ஆசப்பட்டு ஒரு பொய்யச் சொல்லிட்டாவ. அதப் போட்டு உடைக்கச் சொல்லுதியா? என் வீட்டு அடுப்புல ஏத்தல, என் பாத்திரத்துல தொடல. பொறவு எனக்கென்ன?"

என் வாயிலிருந்து, "அப்ப அந்த மோரு?" என்றுதான் வந்தது.

"மீன் தின்ன வாயோட மோர ஊத்துனா தேமல் வரும்லா. வயசான மனுசன், மேலெல்லாம் பூத்துட்டுன்னா யாரு பாக்கது? எங்க வீட்ல யாரும் திங்கலன்னாலும் இதெல்லாம் கேள்விப்பட்டிருக்கோம். அதான் அன்னைக்கு மட்டும் ரசம்." சொல்லிவிட்டு அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தார். "நீ என்ன நெனச்ச?"

நான் என்ன நினைத்தேன் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஆறு வருஷம் மனசுக்குள் இந்த அம்மாவைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். என் ஆபீசில் எல்லாருக்கும் அந்த மோர்க் கதை தெரியும். வெட்கமாக இருக்கிறது.

"என் தூக்குச்சட்டிய எடுத்துறாத. கடையில அவுகளுக்குன்னு புதுசா ஒண்ணு வாங்கிக்கோ" என்றார் போகும்போது.

சனிக்கிழமை எனக்கு ஏன் ரசம் ஊற்றினீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ஊளி மீன் தலை ஒன்று. சாதம் ஒரு கிண்ணம் முழுக்க. குழம்பை வழித்துக் குடித்தார்.

நிதானமாக எழுதுகிறேன். காலையில் முதல் வேலையாக அப்பா இருந்த பழைய இல்லத்துக்குப் போனேன். உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, இங்கேயிருந்து அப்பா எந்தப் பக்கம் நடந்திருப்பார் என்று பார்த்தேன். தெருமுனையில் மூங்கில் தட்டி கட்டிய ஒரு மெஸ். வெளியே கரும்பலகையில் மீன் பெயர்கள். உயரமாக, ஒல்லியாக ஒரு பெரியவர் இங்கே வருவாரா என்று கல்லாவில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"கிரேன் தாத்தாவா? ஞாயித்துக்கெழமன்னா வந்துருவாவளே. எங்க கொஞ்ச நாளா காணும்?"

ஓடிப்போகிறாராம்! மறதியாம்! மனிதர் மீன் தின்னப் போயிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதைத் தின்னப் போய்த்தான் விழுந்தும் இருக்கிறார் என்று நினைத்ததும் அழுகை மட்டும்தான் மிஞ்சியது. நான் சைவ இல்லமாகத் தேடித் தேடிச் சேர்த்ததால் வந்தது இது.

மத்தியானச் சமையலுக்கு நேரம் இருக்கிறது என்றார் அந்த அம்மா. காலில் விழாத குறையாகக் கேட்டேன். ஆஸ்பத்திரி என்றதும் அடுப்பைப் பற்றவைத்தார். "அவுகளுக்கு நடுத்துண்டு ஆவாது, தலையத்தான் கேப்பாவ" என்று அவரே எடுத்து வைத்தார். புதுச் சட்டியில் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் பறந்தேன். மணி பத்தரை. டாக்டர் வருவதற்குள் கொடுத்துவிட வேண்டும். சிக்னலில் நின்ற நேரமெல்லாம் ஒரே நினைப்பு. இதையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டால்?

மூடியைத் திறந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார். சட்டியைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார். "மாப்ள வந்திருக்காவளா?"

"இல்லப்பா. நான் மட்டுந்தான்."

"வேண்டாம்மா. உங்க அத்தைக்குத் தெரிஞ்சா உனக்குத்தான் சங்கடம்."

"அத்ததான்ப்பா வாங்கிக் குடுக்கச் சொன்னாங்க. மொத ஞாயித்துக்கெழமையே அவங்களுக்குத் தெரியுமாம். அதனாலதான் மோர் ஊத்தலையாம்."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "அப்ப நான் வாங்கித் தின்ன கிராம்பெல்லாம் தெண்டமா?" என்றார். சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்து நான் பயந்துபோய் முதுகைத் தடவினேன். கட்டிலைத் தூக்கி உட்கார வைத்து, முள்ளில்லாமல் பிய்த்துப் பிசைந்து முதல் வாய் கொடுத்தேன். மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இரண்டாவது வாய்க்கு அவரே வாயைத் திறந்தார்.

"ஏன்ப்பா பொய் சொன்னிய?"

"நீ அந்த வீட்டுல மொதல்லயே ஒத்த ஆளு. நானும் வந்து மீனு மீனுன்னா, ரெண்டு பக்கமும் உன்னப் போட்டு இழுப்பாவல்லா. ஒரு பொய்யோட போவட்டும்னு பாத்தேன்."

தலையை அவரே கையில் வாங்கி உறிஞ்ச ஆரம்பித்தார். வார்டு முழுக்க வாசம். நர்ஸ் வந்து மூக்கைச் சுருக்கிவிட்டு, பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் வந்து நின்று பார்த்தார். "சைவம்னு சொன்னீங்க?" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையெழுத்து வாங்க வந்த தாளைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்கள்.

நவம்பர் 12, புதன்

காலையில் இரண்டு இட்லியும் மெஸ் அம்மா கொடுத்த மீன் குழம்பும். மத்தியானம் முட்டை, சாதம். இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினார்.

மங்கள இல்லத்திலிருந்து போன். ட்யூப் இல்லையென்றால் இன்றே முடிவு சொல்ல வேண்டுமாம், காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்களாம். அந்தக் கண்ணாடித் தரை கண்ணுக்குள் நிற்கிறது. பஸ்ஸில் இருபது நிமிஷம், தினமும் போய்ப் பார்க்கலாம். தூத்துக்குடி என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முடியும். ராத்திரியில் ஏதாவது ஒன்று என்றால் நான் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகும்? யோசிக்க யோசிக்கப் பயம்தான் கூடுகிறது.

அப்பாவையே கேட்டேன். இரண்டு இடத்தையும் உள்ளது உள்ளபடி சொன்னேன், பெயின்ட் உரிந்ததையும் சேர்த்து.

"தூத்துக்குடியில கொழம்பு யாரு வைக்கா?"

"ஒரு அம்மா வைக்காங்க. புளி பத்தாதுன்னு ஒரு பெரியவர் சண்ட போட்டுக்கிட்டு இருந்தாரு."

"அவன் எந்த ஊர்க்காரன்?" என்றார் அப்பா. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். வரதராசனுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே வண்டியில கொண்டுபோய் மெஸ்ல விட்டிருப்பேனே" என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கு எதுவும் சொன்னால்தான் தெரியும்.

நவம்பர் 14, வெள்ளி

ஆம்புலன்ஸில் தூத்துக்குடி கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. வழியெல்லாம் மழை. ஜன்னலோரக் கட்டில். இன்று மீன் நாள் இல்லை, சாம்பார். இரண்டு வாயோடு நிறுத்திவிட்டார்.

விட்டுவிட்டு வரும்போது அப்பா என்னைப் பார்க்கவில்லை. தப்பு செய்துவிட்டேனா?

நவம்பர் 15, சனி

சிஸ்டருக்கு மூன்று தடவை போன் செய்தேன். "சாப்புட்டாவம்மா, பாதி சாப்புட்டாவ" என்கிறார். பாதி என்றால் எதில் பாதி? நாளை ஞாயிறு, நேரில் பார்த்தால்தான் எனக்கு உயிர் வரும்.

நவம்பர் 16, ஞாயிறு

மத்தியானம் சாளைக் குழம்பு, சாதம் இரண்டு தடவை. பொரித்தது மூன்று.

நான் போனபோது கூடத்தில் சத்தம். அந்தப் புளிப் பெரியவரோடு அப்பா மல்லுக்கு நிற்கிறார். "இதுக்கு மேல புளி ஊத்துனா மீனு எங்கய்யா இருக்கும்?" என்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஆள் தாங்க, எழுந்து நின்று சண்டை! சிஸ்டர் பெனிட்டா என்னைப் பார்த்து, "காலையில இருந்து இப்பிடித்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும் போல இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா தன் தட்டிலிருந்து பொரித்த சாளை ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. சின்ன வயசில் எப்படி வைப்பாரோ அப்படி, முதுகு முள்ளை எடுத்துவிட்டு வைத்தார்.

சாப்பிட்டேன். எட்டாம் தேதிப் பக்கத்தில் பூசணிக்காய்க் கூட்டு என்று எழுதியிருக்கிறேன். பூசணிக்காயும் இல்லை, கூட்டும் இல்லை. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. என் டைரிக்கே பயந்திருக்கிறேன்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஏலக்காய் மிட்டாய்க் கடையைத் தாண்டி வந்தேன். வாங்கவில்லை.

வீட்டில் இவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நானும் கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். "அண்ணாச்சி சாப்புட்டாவளா?" என்றார் அத்தை. நன்றாகச் சாப்பிட்டார், சண்டையும் போட்டார் என்றேன். "சண்ட போட்டாவன்னா சரி" என்றார். இவருக்கு மோர் ஊற்றினார். பிறகு மோர்ச் சொம்பை ஒரு கையிலும் ரசக் கரண்டியை மறு கையிலும் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உனக்கு மோரா, ரசமா?"

இருபத்தாறு வருஷத்தில் அவர் இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. இவர் நிமிர்ந்து பார்த்து, "மோர்தான் நெறைய இருக்கேம்மா" என்றார்.

"எனக்கு ரசம் அத்த" என்றேன்.